கல்லும் அழையா விருந்தாளிகளும்

நம் மொழியில் கல்லைப் போலக் கெட்ட பெயர் எடுத்த பொருள் வேறொன்று இல்லை. இரக்கம் இல்லாதவனைக் கல்நெஞ்சன் என்கிறோம். எதற்கும் அசைந்து கொடுக்காதவனைக் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்கிறோம். அகலிகைக்குக் கிடைத்த சாபமே கல்லாய்க் கிடப்பதுதான். உயிர் ஒரு பக்கம், அதற்கு நேர் எதிரே கல் ஒரு பக்கம் என்று பாகம் பிரித்து வைத்துவிட்டுத்தான் நாம் எதைப் பற்றியும் பேசவே ஆரம்பிக்கிறோம்.

அப்படிப்பட்ட நம்மிடம் ஒருவர் வந்து, "இது உயிருள்ள கல், எடை போட்டுத்தான் விற்பார்கள்" என்று சொன்னால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? எனக்கும் வந்தது. ஆனால் அந்தக் கல்லைப் பற்றி விசாரிக்க விசாரிக்கச் சிரிப்பு அடங்கி, அதன் இடத்தில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்றை நேசிக்கிறோம் என்றால், அதை அதனுடைய இடத்திலிருந்து பெயர்த்து நம் கூடத்துக்குக் கொண்டுவர நமக்கு உரிமை உண்டா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் நல்ல தண்ணீர் மீன் வளர்ப்பவர்கள். மிகச் சிலர் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைக்கிறார்கள். அந்தச் சிலரிலும் சிலர், மீனோடு திருப்தி அடையாமல் பவளப் பூச்சிகளையும் வளர்த்து, ஒரு பவளத் திட்டையே கூடத்தில் கொண்டுவந்து வைக்க ஆசைப்படுகிறார்கள். இந்தக் கடைசி வகையினர் போற்றிப் பாதுகாக்கும் பொருளுக்குத்தான் 'லைவ் ராக்' என்று பெயர். நான் உயிர்க்கல் என்று சொல்லிக்கொள்கிறேன்.

உண்மையில் அந்தக் கல்லுக்கு உயிர் இல்லை. அது செத்துப்போன பவளப் பூச்சிகளின் கூடு. கோடிக்கணக்கான சிறு பிராணிகள் கடல் நீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக் கட்டிய வீடு. கட்டியவர்கள் போய்விட்டார்கள், வீடு நிற்கிறது. நவரத்தினங்களில் முத்தும் பவளமும் மட்டுமே உயிர்ப் பிராணிகள் செய்தவை. மற்ற ஏழும் மண்ணுக்குள் விளைந்த கற்கள். நகைக்கடைப் பவளம் வேறு இனம் என்றாலும், பிராணி கட்டிய கல் என்ற வகையில் இந்தக் கரடுமுரடான கல்லும் அதற்கு ஏழைப் பங்காளிதான்.

கட்டியவர்கள் போனபின் அந்த வீட்டில் குடியேறுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களால்தான் கல்லுக்கு உயிர்க்கல் என்ற பெயர். மேலே ரோஜா நிறத்திலும் ஊதா நிறத்திலும் சுண்ணாம்புப் பாசி, பொந்துகளில் கடற்பஞ்சு, விசிறி மாதிரித் தலையை விரித்துக் காட்டும் புழு, நூல் போன்ற கைகளை மட்டும் வெளியே நீட்டும் நட்சத்திர மீன், அரிசி மணியளவுகூட இல்லாத இறால் இனங்கள்... இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற குடிகள். தெரியாத குடிகள்தான் முக்கியமானவர்கள். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. கல்லின் மேற்பரப்பில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன. வேறொரு வகை அதைக் கடுமை குறைந்த நைட்ரேட் ஆக்குகின்றன. காற்று எட்டாத உள் துவாரங்களில் வாழும் இன்னொரு வகை, அந்த நைட்ரேட்டை உடைத்து வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடுகின்றன. கல்லின் மேல்தோலிலிருந்து அடிவயிறு வரைக்கும் ஒரு முனிசிபாலிட்டியே வேலை செய்கிறது. மேயர் இல்லை, வரி இல்லை, சாக்கடை மட்டும் சுத்தமாக இருக்கிறது!

இந்த உண்மையைத் தொட்டிக்காரர்களுக்கு எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜகார்த்தா நகரத்தில் இருந்த லீ சின் எங் என்பவர். கடல் மீன் வளர்ப்பது என்றாலே கல்லைக் காய்ச்சி, வெளுத்து, கிருமி நீக்கி வைக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், கடல் நீரையும், கடலில் கிடந்தபடியே எடுத்த கல்லையும், வெயிலையும், கொஞ்சம் காற்றுக் குமிழிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு அவர் தொட்டியை வாழ வைத்தார். 1961-இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். பின்னால் பெர்லின் நகரத்துக்காரர்கள் இந்தக் கல்லோடு நுரை பிரிக்கும் இயந்திரத்தையும் சேர்த்து ஒரு முறையை வகுத்தார்கள். அது உலகம் முழுவதும் பரவியது.

ஆக, கல்லுக்கு உபயோகம் இருக்கிறது. ஆனால் வெறும் உபயோகத்துக்காக ஒருவன் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தூக்கத்தை விட்டு எழுந்து ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டு உட்காருவானா?

அப்படி உட்காருகிற ஒருவரைச் சிங்கப்பூரில் நான் பார்த்திருக்கிறேன். ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போனபோது அவர் வீட்டில்தான் தங்கினேன். இஞ்சினீயர். அளந்து பேசுகிறவர். தொட்டியில் நீலமும் மஞ்சளுமாய் விலை உயர்ந்த மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. அவரோ விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சைக் கல்லின் ஒரு பொந்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

"மீனைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டேன்.

"மீன் நான் காசு கொடுத்து வாங்கினது, சார். அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். இந்தக் கல்லுக்குள்ளே யார் யார் இருக்காங்கன்னு வித்தவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாங்கி எட்டு மாசம் ஆச்சு. போன வாரம்தான் இந்த ஆள் முதல் தடவையா வெளியே வந்தான்" என்றார். அந்த 'ஆள்' ஒரு குட்டி நண்டு.

அவருடைய தாயார் இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து மனுஷி. எண்பதை நெருங்கியவர். ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே, "பாத்தீகளா தம்பி! இந்தக் கல்லை எங்க ஊருப் பக்கம் சூளையில போட்டுச் சுட்டுல்ல வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பாக! இவன் அதுக்கு லைட்டுப் போட்டுக் காவல் காக்குறான்" என்றார். அந்த வார்த்தையை நான் வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டேன். பிற்பாடு அது வேடிக்கையாக இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த இஞ்சினீயர் சொன்ன பதிலில்தான் உயிர்க்கல்லின் கவர்ச்சி முழுவதும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நம்முடைய வாழ்க்கையில் நாம் தேர்ந்தெடுத்து வாங்குகிற பொருள்கள் பெருகிக்கொண்டே போகின்றன. புடவையின் நிறம், வீட்டின் மனை, பிள்ளையின் படிப்பு எல்லாமே நாம் பார்த்துப் பொறுக்கியவை. பொறுக்கி எடுத்த பொருளில் நம்முடைய விருப்பத்தைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. ஆகவே சீக்கிரத்தில் அலுத்துப் போகிறது. நாம் கேட்காமல் வந்தது எதுவோ, அதுதான் நம்மை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்கிறது.

ஜாதகம் பார்த்து, பொருத்தம் பார்த்து, பெண்ணையும் பார்த்துத்தான் கல்யாணம் செய்துகொள்கிறோம். ஆனால் அவளோடு அவளுடைய கோபமும், அவள் முணுமுணுக்கும் பாட்டும், நாம் பார்த்தே இராத ஒரு சித்தப்பாவும் வந்து சேருகிறார்கள். இல்லறம் என்பது நாம் பார்த்து முடித்த பெண்ணோடு மட்டுமல்ல, நாம் பார்க்காமலே வந்து சேர்ந்த இத்தனையோடும்தான் நடக்கிறது. பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 'என் பிள்ளை' என்று மார் தட்டிக்கொள்கிறவர்கள், அந்தப் பிள்ளைக்குள் குடியிருக்கிற எதையாவது தாமே பொறுக்கி வைத்தவர்களா?

கதை எழுதுகிற என் அனுபவமும் இதுதான். நான் திட்டம் போட்டு உள்ளே அழைத்து வந்த பாத்திரங்கள், சொன்ன இடத்தில் நிற்கும். சொன்ன வார்த்தையைப் பேசும். பொம்மை மாதிரி இருக்கும். ஏதோ ஒரு காட்சியில் கதவைத் திறந்துவிடுவதற்காக மட்டும் வந்த ஒரு வேலைக்காரி, நான் கேட்காத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நாவல் முடிகிறவரை போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வாள். வாசகர்கள் கடிதம் எழுதுவது அவளைப் பற்றித்தான்.

ஆனால் அழையா விருந்தாளி எல்லோரும் குட்டி நண்டு போலச் சாதுவாக இருப்பதில்லை. இங்கேதான் நம்முடைய ரசனைக்குப் பரீட்சை.

கல்லோடு ஏப்டேசியா என்ற ஒரு கடற்பூ வரும். பழுப்பு நிறத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிசாக இருக்கும். முதல் நாள் பார்த்தவன், "ஆஹா, பூ முளைத்திருக்கிறது!" என்று குதிப்பான். மூன்றாவது மாதம் தொட்டி முழுவதும் அதுதான். நசுக்கினால் சிதறிய ஒவ்வொரு துணுக்கும் ஒரு புதுப் பூவாகிவிடும். மாண்டிஸ் இறால் என்று ஒன்று. நத்தை ஓட்டை ஒரே குத்தில் உடைக்கிற குத்துச் சண்டைக்காரன். ராத்திரியில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் தொட்டிக்காரனுக்கு வயிற்றைக் கலக்கும். முள்முடிப் புழு என்று இன்னொன்று. அதன் உருவத்தைப் பார்த்தே பல காலம் அதைக் கொடியவன் என்று முடிவு கட்டி, இடுக்கியால் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தார்கள். பிறகுதான், அந்த இனத்தில் பெரும்பாலானவை அழுகின மீனையும் எஞ்சின தீனியையும் தின்று தொட்டியைச் சுத்தம் செய்கிறவை என்று தெரிந்தது. துப்புரவுத் தொழிலாளியை முகத்தைப் பார்த்துத் திருடன் என்று தீர்ப்புச் சொல்வது மனித சமூகத்தில் புதிதா என்ன? அந்தப் பழக்கம் தொட்டிக்குள்ளும் போய்விட்டது.

எல்லாப் புழுவும் அப்படி நல்லது என்று நான் சாதிக்கப் போவதில்லை. இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதியில் நியூகீ என்ற ஊரில் ஒரு காட்சிச்சாலை இருக்கிறது. 2009-இல் அங்கே ஒரு பெரிய தொட்டியில் பவளங்கள் கடித்துச் சிதைக்கப்பட்டுக் கிடந்தன. மீன்களும் காணாமல் போயின. பொறி வைத்துப் பார்த்தார்கள்; பயனில்லை. கடைசியில் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தபோது நாலடி நீளத்தில் ஒரு புழு அகப்பட்டது. கண்ணுக்கே தெரியாத குட்டியாகக் கல்லோடு வந்து, அங்கேயே வளர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் அதைக் கொல்லவில்லை. பாரி என்று பெயர் வைத்து, தனித் தொட்டி கொடுத்தார்கள். இந்தச் செய்தியில் எனக்குப் பிடித்த அம்சம் இந்த முடிவுதான். கொலைகாரன் என்று தெரிந்த பிறகும், 'இவனை அழைத்து வந்தவர்கள் நாம்தானே' என்ற ஒரு நியாயம் அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இந்த நியாயத்தைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால்தான் என்னைத் தொந்தரவு செய்த கேள்வி வருகிறது. புழு அழையாமல் வந்தது என்று சொல்கிறோமே, அது தானாகவா வந்தது? அது வீட்டுக்குள் இருந்தது; நாம் வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டோம். அப்படியானால் யார் யாருக்கு அழையா விருந்தாளி?

அந்தப் பெயர்த்தல் எப்படி நடந்தது என்று பார்ப்போம். பல வருஷ காலம் உலகச் சந்தைக்கு மிக அதிகமாக இந்தக் கல்லை அனுப்பிய இடங்களில் பிஜி ஒன்று. தண்ணீர் வற்றும் நேரத்தில் கடற்கரைக் கிராமத்து ஆட்கள் கடப்பாரையோடு பவளத் திட்டில் இறங்கிக் கல்லை நெம்பி எடுப்பார்கள். கரையில் தரம் பிரித்து, ஈரமான செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடைத்து விமானத்தில் ஏற்றுவார்கள். (பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு, காகிதம் இப்படியும் பயன்படுகிறது என்று கேட்பதில் ஓர் அற்ப சந்தோஷம்!) போய்ச் சேருவதற்குள் கல்லின் குடிகளில் பலர் செத்துப் போவார்கள். கடைக்காரன் கல்லைத் தனியாக உப்புத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப் போட்டு, அழுகியதெல்லாம் அழுகித் தீரும் வரை காத்திருப்பான். அந்த நாற்றம் கூடத்துக்கு வருவதில்லை. பிழைத்தவர்கள் மட்டுமே கூடத்துக்கு வருகிறார்கள். நாம் அவர்களைப் பார்த்து, 'உயிரின் அற்புதம்' என்கிறோம்.

கடப்பாரை பிடித்தவனைக் குற்றம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அவனுக்கு அது கூலி. கடல் கடந்து ஒருவன் கேட்டதால்தான் அவன் நெம்பினான். கேட்டவன் கொடியவனும் அல்ல. அவன் அந்தக் கல்லைத் தன் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்கிறவன்; தண்ணீரில் உப்பு ஒரு துளி கூடினாலும் பதறுகிறவன். கொடுமை இல்லாத இடத்தில், வெறும் அன்பாலேயே ஒரு சேதம் நடந்துவிடுகிறது. இது எனக்குக் கொடுமையைவிடப் பயமாக இருக்கிறது. கொடுமைக்காரனைத் தடுக்கச் சட்டம் போதும். அன்பு செலுத்துகிறவனை என்ன சொல்லித் தடுப்பது?

சட்டமும் வராமல் இல்லை. அமெரிக்காவில் பிளாரிடா மாநிலம் தன் கடலில் இந்தக் கல்லை எடுப்பதை 1989-இல் தடுத்தது. அதைச் சூழ்ந்த மத்திய அரசின் கடற்பகுதியிலும் 1997-க்குள் முழுத் தடை வந்தது. பிஜி அரசாங்கமும் 2018 தொடக்கத்தில் ஏற்றுமதியை நிறுத்தியது.

நம் பக்கத்துக் கதை இன்னும் பழையது. சிங்கப்பூரில் அந்த அம்மாள் ஊஞ்சலில் இருந்தபடி சொன்னாரே, அந்தச் சுண்ணாம்புச் சூளையின் கதை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த பவளக் கற்களை வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் வருஷக் கணக்கில் வெட்டி எடுத்தார்கள். தீவுக்குக் காவலாக நின்ற மதிலைத்தான் வெட்டுகிறோம் என்று யாரும் நினைக்கவில்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. கல் எடுத்ததே அதற்கு முக்கியமான காரணம் என்கிறார்கள். 1986-இல் அந்தப் பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளப் பூச்சி இனங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதாவது புலிக்கு என்ன பாதுகாப்போ, அது.

சூளைக்காரன் அதைக் கல் என்று நினைத்து எடுத்தான். தொட்டிக்காரன் அதை உயிர் என்று தெரிந்து எடுக்கிறான். தெரிந்தவன், தெரியாதவன் இரண்டு பேருடைய கையிலும் கடப்பாரை ஒன்றுதான். கடலுக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் ஆசையே தவறா, தொட்டியே பாவமா என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆசையைத் துறக்கச் சொல்கிற உபதேசம் சுலபமானது. நம்மில் யாரும் கேட்கப் போவதில்லை. வேறொரு வழி இருக்கிறது. அதையும் இந்தக் கல்லை விரும்பியவர்களே கண்டுபிடித்தார்கள்.

பிளாரிடாவில் தடை வந்தபோது, சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்தது. கடலடியில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளலாம். நிலத்துச் சுரங்கத்தில் வெட்டிய உயிரற்ற சுண்ணாம்புக் கல்லை அங்கே கொண்டுபோய்ப் போடலாம். அது கடலில் ஏற்கெனவே இருக்கும் கல்லோடு கலந்துவிடாதபடி அடையாளம் தெரிய வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். பாசி வரும், பஞ்சு வரும், புழு வரும், நண்டு வரும். அவசரப்பட்டால் வெறும் கல்தான் கிடைக்கும். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பொறுத்தவனுக்கு உயிர்க்கல் கிடைக்கும். கடலிலிருந்து கல்லை எடுத்தவர்கள், இப்போது கடலுக்குக் கல்லைக் கொண்டுபோக வேண்டியவர்கள் ஆனார்கள்.

அந்தப் பொறுமையும் இல்லாதவனுக்கு இன்னொரு வழி: தொட்டி முழுவதும் உலர்ந்த கல்லை அடுக்கிவிட்டு, முறையாக வளர்த்த உயிர்க்கல் ஒரே ஒரு துண்டை மட்டும் நடுவில் வைப்பது. மாசக் கணக்கில் அந்தத் துண்டிலிருந்து குடிகள் பக்கத்துக் கல்லுக்குப் பரவுவார்கள். வெள்ளைக் கல்லில் ஒரு மூலையில் ஊதாப் புள்ளி தெரியும். அடுத்த மாசம் அது காசளவு ஆகும்.

நம் தூத்துக்குடிக் கடலிலும் 2015-க்குப் பிறகு வான் தீவுக்கு எதிரே சிமெண்டுக் கட்டுமானங்களைக் கடலடியில் இறக்கினார்கள். அரித்துப் போய்க்கொண்டிருந்த தீவுக்கு அது தடுப்புச் சுவர். நாளடைவில் அவற்றின் மேல் பவளப் பூச்சிகள் வந்து ஒட்டின, மீன்கள் வந்தன. சுண்ணாம்புக்காக வெட்டிய இடத்தில், சுண்ணாம்பினால் செய்த கல் திரும்பிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. போன தீவு திரும்பவில்லை. ஆனாலும் இடம் கொடுத்தால் வருகிறவர்கள் வருகிறார்கள்.

நேசத்தில் இரண்டு வகை உண்டு என்று எனக்குப் படுகிறது. உயிர் இருக்கிற இடத்துக்குப் போய் அதைப் பெயர்த்துக்கொண்டு வருவது ஒரு வகை. உயிர் வந்து தங்கும்படி ஓர் இடத்தை உண்டாக்கி வைத்துவிட்டுக் காத்திருப்பது இன்னொரு வகை. முதலாவதில் பொருள் உடனே கிடைக்கும். இரண்டாவதில் கிடைக்காமலே போகலாம். மருமகளைப் பிறந்த வீட்டிலிருந்து வேரோடு பிடுங்கி வந்து, 'இனி நீ எங்கள் வீட்டுப் பெண்' என்று சொல்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவள் தன் புத்தகத்தையும் தன் தோழிகளையும் தன் பிடிவாதத்தையும் வைத்துக்கொள்ள ஓர் அறையை ஒழித்துக் கொடுத்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டு வீட்டாரும் அவளை நேசிப்பதாகத்தான் சொன்னார்கள். என் எழுத்து மேஜைக்கும் இது பொருந்தும். தெருவில் போகிற மனிதனைப் பிடித்துக் கதைக்குள் அடைத்துவிடலாம். அவன் தானாக வந்து பேசுகிற வரையில் வெள்ளைக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தும் இருக்கலாம். உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டமான வேலை.

அதனால், உயிர்க்கல் வேண்டும் என்று கேட்கிற எந்த நண்பரிடமும் நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பேன்: "ஒரு வருஷம் வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்க உங்களால் முடியுமா?" முடியும் என்கிறவருக்குக் கல்லோடு எது வந்தாலும் சரி, அதைப் பார்க்கிற தகுதி அவருக்கு வந்துவிட்டது. முடியாது என்கிறவருக்கு மீன்களே போதும். அவையும் அழகானவைதான்.